எவ்வளவு முடியும்?

உவர்மலை,
திருகோணமலை.
மாசி, வெள்ளிக்கிழமை இரவு.

அன்புள்ள மதுரா,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். படிக்கட்டடியில் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு உரிந்து கிடக்கிறது. ஆழமான பக்கச் சுவரில் தேத்தண்ணி வடிந்த மாதிரி ஒரு பழுப்புக் கோடு. எல்லாவற்றுக்கும் கீழே ஒரே வரி: “மாமா, நீச்சல் தடாகத்தைத் திருப்பிப் பூச எவ்வளவு முடியும்?”

ஒரு தொகையைச் சொல்லிவிட்டுப் படுத்திருக்கலாம். ஆனால் நான் சும்மா சொன்ன தொகையை நீ கொந்தராத்துக்காரரிடம் சொல்வாய். அவர் அதற்குத் தக்கபடி வேலையைச் சுருக்குவார். அதனால்தான் இந்த நீண்ட கடிதம். இதில் ரூபாய்க் கணக்கு குறைவு. பை, பவுசர், ஆள் நாள் என்றுதான் கணக்குச் சொல்லப்போகிறேன். அந்தந்தக் கிழமை விலையை நீயே போட்டுப் பெருக்கிக்கொள்.

ரூபாயை நான் நம்பாததற்குக் காரணம் உண்டு. 2021 தொடக்கத்தில் 1,000 ரூபாய் அளவில் நின்ற 50 கிலோ சீமெந்துப் பை, 2022-இல் 3,000 ரூபாய் வரை போனது. “தொழிற்சாலை எங்கள் துறைமுகக் கரையில் இருக்கிறது, பிறகேன் இந்த விலை?” என்று கடையில் நின்று சண்டை பிடித்தவர்களை எனக்குத் தெரியும். 1982-இல் தொடங்கிய டோக்கியோ சீமெந்துக் கம்பனி இங்கே செய்வது அரைக்கிற வேலை. அரைபடுகிற கிளிங்கர் கப்பலில் வருகிறது. அதற்குக் காசு டொலரில் போகிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360-க்குப் போனபோது, எங்கள் ஊரில் அரைபட்ட சீமெந்தும் கூடவே ஏறியது. வெள்ளைச் சீமெந்துக்கும் கண்ணாடி மொசைக்குக்கும் இதே கதைதான்.

இனி அளவு. உங்கள் தடாகம் 8 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம்; ஆழம் ஒரு பக்கம் 1 மீற்றர், மற்றப் பக்கம் 1.5. பலர் தரையை மட்டும் பெருக்கி 32 சதுர மீற்றர் என்று சொல்லிவிடுகிறார்கள். விளிம்பைச் சுற்றி நட: 24 மீற்றர். அதைச் சராசரி ஆழமான 1.25-ஆல் பெருக்கினால் 30. ஆக 62 சதுர மீற்றர், ஏறத்தாழ 670 சதுர அடி. சுவர் கிட்டத்தட்டத் தரை அளவுக்கு வருகிறது, பார்த்தாயா? படிக்கட்டைத் தனியாகக் கூட்டு. தண்ணீர் 32 பெருக்கல் 1.25, அதாவது 40 கன மீற்றர், 40,000 லீற்றர்.

காசைத் தொடுமுன் ஒரு வாளிச் சோதனை செய். வாளியில் தடாகத்துத் தண்ணீரையே நிரப்பி, இரண்டாம் படியில் வை. வாளிக்குள் தண்ணீர் நிற்கும் மட்டத்தையும் வெளியே தடாகத்தின் மட்டத்தையும் பென்சிலால் குறி. 24 மணித்தியாலம் கழித்துப் பார். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது வெயில் குடித்த தண்ணீர். தடாகம் மட்டும் ஒரு சென்ரிமீற்றர் கூடுதலாக இறங்கியிருந்தால் 320 லீற்றர் எங்கேயோ போகிறது. மோட்டர் ஓடும்போது ஒரு தடவை, நிறுத்திவிட்டு ஒரு தடவை செய்து பார். மோட்டர் ஓடும்போது மட்டும் இறங்கினால் குழாயில்தான் கை வைக்க வேண்டும். குழாய்க் கசிவுக்குப் பூச்சுப் பூசிக் காசை விட்ட வீடுகள் அலஸ்தோட்டத்திலும் உண்டு, உப்புவெளியிலும் உண்டு.

இனிச் சொல்வதை இரண்டு தரம் வாசி. தடாகத்தை இறைக்குமுன் உங்கள் கிணற்றை எட்டிப் பார். உங்கள் நிலாவெளி மணல் தரை. மழை நாளில் நிலத்தடி நீர் தடாகத்தின் அடிவயிற்றைத் தொட்டுக்கொண்டு நிற்கும். நிறைந்த தடாகம் பாரத்தில் அப்படியே கிடக்கும். இறைத்த தடாகம் ஒரு வள்ளம். சரிவை விட்டுவிட்டு, கொங்கிறீற் 15 சென்ரிமீற்றர் தடிப்பு என்று வைத்தால், அதன் சொந்தப் பாரம் சுமார் 24 தொன். வெளி அளவில் அடிப்பரப்பு ஏறத்தாழ 36 சதுர மீற்றர். அடியிலிருந்து நிலத்தடி நீர் ஒவ்வொரு 10 சென்ரிமீற்றர் ஏறும்போதும் 3.6 தொன் மேலே தள்ளும். 67 சென்ரிமீற்றரில் இரண்டும் சமம். உன் முழங்காலுக்குச் சற்று மேலே, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கை நான் பிந்தித்தான் போட்டேன். பல வருடத்துக்கு முன் ஒரு கார்த்திகையில், கடற்கரையோர விடுதி ஒன்றில், ஆட்கள் வரத்துக் குறைவாக இருக்கிறது, வேலையை முடிப்போம் என்று மோட்டரைப் போடச் சொன்னவன் நான்தான். பின்னேரம் மழை பிடித்தது. இரவு இரண்டு மணிக்குக் காவலாளி கோல் எடுத்து, “ஐயா, மரம் முறிஞ்ச மாதிரி ஒரு சத்தம்” என்றார். விடியப் போய்ப் பார்த்தால் ஆழமான பக்கம் ஒரு சாண் எழும்பி நிற்கிறது. விளிம்பு மாபிள்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. குழாய்கள் சுவரோடு சேர்த்து அறுந்திருந்தன. எழும்பினது திரும்ப இறங்காது, பிள்ளை. பூசப் போன நாங்கள் தடாகத்தையே உடைத்து அள்ளினோம். அந்த விடுதிக்காரர் என்னிடம் ஒரு கெட்ட வார்த்தையும் பேசவில்லை; அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

திருகோணமலைக்கு வருடத்தில் கிடைக்கிற ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழையில் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிடும். அதன்பிறகு கிணறு மெல்ல இறங்கும். கயிற்றில் ஒரு கல்லைக் கட்டி, நில மட்டத்திலிருந்து கிணற்று நீர்வரை அள. 1.65 மீற்றருக்குக் கீழே போகும்வரை மோட்டரைத் தொடாதே. அந்த 1.65 உங்கள் தடாகத்தின் ஆழமும் தரைத் தடிப்பும் சேர்ந்தது. ஆழமான இடத்தில், நிலத்தடி நீர் அழுத்தினால் தானாகத் திறந்து அதை உள்ளே விடுகிற ஒரு வால்வு சில தடாகங்களில் வைத்திருப்பார்கள். உங்களுடையதில் இருக்கிறதா என்று அப்பாவிடம் கேள்.

மறுபக்கத்தில் கச்சான் காற்று காத்திருக்கிறது. வைகாசி பிறந்தால் அது அடிக்கத் தொடங்கும். பச்சைப் பூச்சின் ஈரத்தை ஒரு மத்தியானத்தில் உறிஞ்சி, தலைமுடி போல வெடிப்பு விடும். சித்திரை தாண்டினால் உன் விருந்தாளிகளும் வந்துவிடுவார்கள். ஆகப் பங்குனியும் சித்திரையின் முதல் பாதியும்தான் உனக்கு மிச்சம். காலையிலும் பின்னேரத்திலும் பூசுவது, மேலே தறப்பாள் கட்டுவது, பூசிய சுவரில் ஈரச் சாக்குத் தொங்கவிடுவது, இவற்றுக்கெல்லாம் தனியாக ஆள் கூலி வரும். மதிப்பீட்டில் யாரும் அதை எழுதமாட்டார்கள்.

இறைத்து முடிந்தவுடன் சிறிய சுத்தியலால் ஒவ்வொரு சாணுக்கும் ஒரு தட்டுத் தட்டு. பிடிப்போடு இருக்கிற பூச்சு கணீரென்று சொல்லும். விட்டுப்போன பூச்சு வெறும் பானையைத் தட்டின மாதிரி இருக்கும். அந்த இடங்களில் சோக்கால் வட்டம் போடு. அங்கொன்று இங்கொன்றாக வட்டம் விழுந்தால் ஒட்டுப் போட்டுச் சமாளிக்கலாம். பாதிச் சுவர் வட்டமாகிவிட்டால் முழுக்க உடைப்பதுதான் வழி. உன் படத்திலுள்ள பழுப்புக் கோடு எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால் கொங்கிறீற்றை உள்ளிருந்து பிளக்கும். சுத்தமான கம்பி தெரியும்வரை வெட்டி, துருவைச் சுரண்டி, பிறகுதான் மூட வேண்டும். இது எத்தனை அடி ஓடும் என்பது உடைத்தால்தான் தெரியும். ஆகவே ஓர் அடிக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே தனி விலை பேசி வை.

பழைய பூச்சு இரண்டரைச் சென்ரிமீற்றர் தடிப்பு என்றால், 62 சதுர மீற்றரிலிருந்து ஒன்றரைக் கன மீற்றர் கழிவு வரும், மூன்று தொன்னுக்குக் குறையாது. அதைக் கைச்சட்டியில் அள்ளி ஏற்றி, ட்ரக்டரில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். உடைப்பு வேலைக்கு நாள் கணக்கா, கொந்தராத்தா என்று தடுமாறினால், முதல் நாள் ஓர் ஆள் எத்தனை சதுர மீற்றர் உடைத்தான் என்று அளந்துவிட்டு மறுநாள் பேசு.

உடைத்த சுவர் மேடும் பள்ளமுமாக இருக்கும். இரண்டு சென்ரிமீற்றர் அடிப்பூச்சு, ஒன்றுக்கு மூன்று கலவை: சீமெந்து 12 பை, மணல் அரைக் கியூபுக்குச் சற்றுக் குறைவு. இவ்வளவுதானா என்று உனக்குத் தோன்றும். ஆம், சீமெந்து இந்த வேலையில் பெரிய செலவே இல்லை. மணலில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதே. அனுமதிப் பத்திரத்தோடு கிண்ணியாப் பக்கமிருந்து வருகிற மகாவலி ஆற்று மணலை எடு. கடற்கரை மணலைச் சும்மா தந்தாலும் வேண்டாம். கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால் கலவைக்கு அதையும் சேர்க்காதே. உப்பு உள்ளே போனால் கம்பிக்குத் துரு, மேலே வெள்ளைப் பூ.

அதன்மேல் நீர்த்தடைப் பூச்சு இரண்டு தரம். பிறகு முகப்பு. பெயின்ற் அடிப்பது அன்றைக்கு மலிவு. ஆனால் சில வருடத்தில் உரியும், ஒவ்வொரு தடவையும் 40,000 லீற்றரை இறைத்து நிரப்ப வேண்டும். வெள்ளைச் சீமெந்தும் சலவைக்கல் தூளும் கலந்த பூச்சு அழகானது, கவனமாகப் பார்த்தால் பத்து வருடம் வரை உழைக்கும். அதற்கு ஒரே நாளில் ஒரே கையாகத் தேய்த்து முடிக்கிற மேசன்மார் வேண்டும். இங்கே அவர்களைப் பொறுக்கி எடுப்பது கஷ்டம். உனக்கு நான் சொல்வது மாபிள்தான். வீணாவதையும் சேர்த்து 68 சதுர மீற்றர் வாங்கு. குளியலறைச் சுவருக்கு ஒட்டுகிற மினுங்கல் மாபிள் தண்ணீரைக் குடிக்கும். நீர் உறிஞ்சும் அளவு 0.5 சதவீதத்துக்குக் குறைந்த போர்சலின் என்று பெட்டியில் பார்த்து எடு. படியும் ஆழம் குறைந்த தரையும் சொரசொரப்பாக இருக்கட்டும். கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் நீ சின்னப் பிள்ளையாக வழுக்கி விழுந்து அழுதது எனக்கு மறக்கவில்லை.

அமெரிக்காவில் இதே வேலைக்குச் சில ஆயிரம் டொலரிலிருந்து பத்தாயிரத்துக்கு மேலும் கேட்கிறார்கள். கனடாவில் ஸ்காபரோவிலிருக்கிற உன் சித்தப்பா, தன் வீட்டில் பழைய வினைல் விரிப்பைச் சுருட்டி எடுத்துவிட்டுப் புதியதை விரித்தார்கள், அவ்வளவுதான் என்று சொல்வார். அவருக்கு எதிரி உறைபனி. நமக்கு உப்பும் அடிநீரும். அவருடைய கணக்கைக் கொண்டுவந்து இங்கே ஒட்டாதே.

நிரப்புகிற தண்ணீரையும் செலவில் எழுது. கந்தளாயிலிருந்து வருகிற குழாய் நீரில் 40 கன மீற்றர் என்றால் பட்டியலில் 40 அலகு. பாவனை கூடக் கூட ஓர் அலகின் விலையும் ஏறுகிற முறை என்பதால், வீட்டுப் பாவனையோடு சேர்ந்து ஒரே மாதத்தில் மேல் படிகளுக்குப் போய்விடும். 10,000 லீற்றர் பவுசர் நான்கின் விலையையும் கேட்டு ஒப்பிட்டுப் பார். இறைக்கிற பழைய தண்ணீருக்கு நாலைந்து நாள் முன்னரே குளோரின் போடுவதை நிறுத்து. வெயில் அதை எடுத்துவிடும். பிறகு மாமரத்தடியில் விட்டாலும் மரம் பட்டுப்போகாது.

கொந்தராத்துக்காரர் வந்தால் சதுர அடிக்கு எவ்வளவு என்று தொடங்காதே. உடைப்பு, கழிவு அகற்றல், கம்பி வேலை, அடிப்பூச்சு, நீர்த்தடை, மாபிள், இடுக்குச் சாந்து, தண்ணீர் என்று எட்டு வரியாக எழுதித் தரச் சொல். இரண்டாவது ஆளிடமும் அதே எட்டு வரியைக் கேள். ஒருவர் மற்றவரைவிடப் பாதி விலை சொன்னால் எந்த வரியை விட்டிருக்கிறார் என்று தேடு. அநேகமாகக் கம்பி வரியாகத்தான் இருக்கும். மாபிள் ஒட்டிய மறுநாளே தண்ணீர் விடலாம் என்று சொல்கிறவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடு. இடுக்குச் சாந்து இறுக ஒரு கிழமையாவது வேண்டும்.

நிரப்பிய பிறகு பீஎச் 7.2-க்குக் கீழே போகாமல் பார். மழை நீரில் சுண்ணாம்புச் சத்துக் கிடையாது; அது உங்கள் இடுக்குச் சாந்திலிருந்து அதை எடுத்துக்கொள்ளும். மாரியில் கிழமைக்கு ஒரு தடவையாவது சோதி.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு வருகிறேன். வாளியைச் சனி காலையே வைத்துவிடு, நான் வரும்வரை யாரும் அதில் கை நனைக்கக் கூடாது. குறிப்பாக உன் தம்பி. கிணற்றுக்குக் கயிறு தேடி வை. சுத்தியலை நான் கொண்டுவருகிறேன், உங்கள் வீட்டுச் சுத்தியல் தலை ஆடுகிறது.

அன்புடன்,
மாமா