தாதிய உதவியாளர்: பயிற்சியும் சான்றிதழும்

க.பொ.த. (சா/த) பரீட்சை முடிந்ததும் "நேர்சிங் படிக்கப் போகிறேன்" என மாணவர் பலர் கூறுவர். எந்த நேர்சிங் என்று கேட்டால் விடை வராது. அரச தாதிய உத்தியோகத்தராவதற்கு க.பொ.த. (உ/த) விஞ்ஞானப் பிரிவில் சித்தியடைந்து, தாதியர் பயிற்சிக் கல்லூரியில் மூன்று ஆண்டுகள் பயில வேண்டும். அத்தகைய கல்லூரியொன்று யாழ்ப்பாணத்திலும் உண்டு. தாதிய உதவியாளர் பயிற்சி இதனிலும் குறுகியது. ஆனால் அச்சான்றிதழ் ஒருவரைத் தாதிய உத்தியோகத்தர் ஆக்காது.

நோயாளியைக் கழுவித் துடைத்தல், படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்தல், உடல்வெப்பநிலை, நாடித்துடிப்பு என்பவற்றை அளந்து பதிதல் முதலியன உதவியாளரின் பணிகளாகும். தாமாகவே மருந்தைத் தீர்மானித்துக் கொடுப்பது அவர் பணியன்று.

இலங்கையில் இத்தகைய தொழில்களுக்குரிய சான்றிதழ் தேசிய தொழிற் தகைமை (என்.வி.கியூ.) ஆகும். இதில் 7 மட்டங்கள் உள்ளன. 1 தொடக்கம் 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்திற்குச் சமன். உதவியாளர் பயிற்சி சான்றிதழ் மட்டங்களுள் அடங்கும்.

இங்கே 'ஏ' சித்தி, 'பி' சித்தி இல்லை. மதிப்பீட்டாளர் முன்னிலையில் செய்து காட்ட வேண்டும். முடிவு "தேர்ச்சி உடையவர்" அல்லது "இன்னும் தேர்ச்சி பெறவில்லை" என்பதே. வளர்ந்தவரின் நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 60 - 100 என மனனம் செய்தவர், மணிக்கட்டில் பெருவிரலை வைத்து எண்ணினால் பயனில்லை. பெருவிரலிலும் நாடி துடிப்பதால் எண்ணிக்கை பிழைக்கும்.

கவனிக்குக: பயிற்சி நிறுவனம் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டிருப்பது வேறு, குறித்த பாடநெறி அங்கீகாரம் பெற்றிருப்பது வேறு. பணம் கட்டுமுன் இரண்டையும் கேட்க வேண்டும். என்னிடம் படித்த மாணவி ஒருவர் முதலாவதை மட்டும் கேட்டார். ஓராண்டு படித்துப் பெற்ற சான்றிதழைக் கண்ணாடிச் சட்டமிட்டு வீட்டில் மாட்டினார். வேலைக்கு விண்ணப்பித்தபோதுதான் அது என்.வி.கியூ. அல்ல எனத் தெரிந்தது. பின்னர் குறைந்த சம்பளத்தில் சில ஆண்டுகள் வேலைசெய்து, அந்த அனுபவத்தைக் காட்டி, முன்கற்றல் அங்கீகாரம் என்னும் முறையில் மதிப்பீட்டுக்குத் தோற்றித் தகைமை பெற்றார். அனுபவம் உடையவர்களுக்கு இவ்வழி இன்றும் திறந்தேயுள்ளது.

பயிற்சி வினாக்கள்
1. தாதிய உத்தியோகத்தர், தாதிய உதவியாளர் ஆகியோரின் பயிற்சிகளை ஒப்பிடுக.
2. நிறுவனப் பதிவுக்கும் பாடநெறி அங்கீகாரத்திற்கும் இடையிலான வேறுபாட்டை உதாரணத்துடன் விளக்குக.