கருமணலும் கறவை மாடும்

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது நாகர்கோவில் பக்கத்துச் சகோதரி ஒருவர் என்னிடம் வந்தார். தம் மகளைக் கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளியில் கட்டிக் கொடுத்திருக்கிறார். "அண்ணாச்சி, சம்பந்தி வீட்டிலே ரெண்டு மாடு நிக்கு. அந்தக் கடற்கரை மண்ணிலே கதிர்வீச்சு இருக்காமே, பேத்திக்கு அந்தப் பாலைக் கொடுக்கலாமா?" என்று கேட்டார். நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயமில்லை. நான் ரயில்வேயில் தண்டவாளம் பார்த்தவன், படித்ததும் டிப்ளமோதான். ஆனாலும் தேடிப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

சவரா, நீண்டகரை, நம் மணவாளக்குறிச்சிக் கரைகளில் உள்ள கருமணலில் மோனசைட் என்ற தாது கலந்திருக்கிறது. அதற்குள் இருப்பது தோரியம். திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிய கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, 1909-இல் ஷாம்பெர்க் என்ற ஜெர்மானியர் இதைக் கண்டுபிடித்தார். அன்றைக்கு காஸ் விளக்கு மேண்டிலுக்குத் தோரியம் வேண்டியிருந்தது. கயிறு வாங்கியவன் காலடி மண்ணையும் கேட்டு வந்தான்!

இங்கே இரண்டு சங்கதிகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அடுப்பருகே நின்றால் சூடு படும், அது கதிர்வீச்சு. கங்கையே விழுங்கினால்? அதுதான் கதிரியக்கப் பொருள் உடம்புக்குள் போவது. கால்நடைகளுக்குப் பெரும் கேடு வந்ததெல்லாம் இரண்டாவது வழியில்தான்.

1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்தபோது அயோடின்-131, சீசியம்-137 ஆகியவை புல்லின்மேல் படிந்தன. மாடு நாள் முழுதும் மேய்கிற பிராணி. ஊர்ப் புல்லில் பரவிக் கிடந்ததை ஒரே வயிற்றில் சேர்த்துக்கொண்டது. அயோடின் நேரே கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பிக்குப் போகும், பாலிலும் இறங்கும். உலைக்கு அருகிலிருந்த சில மாடுகளின் தைராய்டில் 100 கிரேக்கும் மேல் விழுந்து சுரப்பியே அழிந்தது. அயோடின் 8 நாளில் பாதியாகிவிடும். சீசியம் பாதியாக 30 ஆண்டுகள் ஆகும். பொட்டாசியம் என்று ஏமாந்து தசை அதை வாங்கிக்கொள்ளும். வேல்ஸ் மலைகளில் ஆடுகளை விற்பதற்கு இருந்த கட்டுப்பாடு 2012-இல்தான் முழுமையாக நீங்கியது. ஆனால் சுத்தமான தீவனம் கொடுத்தால் மாட்டுடம்பிலிருந்து சில வாரங்களிலேயே சீசியம் பெருமளவு கழிந்துவிடும். இது பலருக்குத் தெரிவதில்லை.

இனி நம் கரைக்கு வருவோம். இங்கே தோரியம் தாதுவுக்குள் பூட்டிக் கிடக்கிறது. தண்ணீரில் எளிதில் கரையாது, வேர் வழியே புல்லில் ஏறுவதும் மிகக் குறைவு. தோரியத்திலிருந்து பிறக்கும் ரேடியம் மட்டும் கால்சியத்தின் குணம் கொண்டது. அது கொஞ்சம் ஏறும். மற்றபடி முக்கியமாக இருப்பது வெளியிலிருந்து படும் கதிர்வீச்சு. உலகில் ஒருவருக்கு இயற்கையாக ஆண்டுக்குக் கிடைப்பது சராசரியாக 2.4 மில்லிசீவர்ட். இந்தக் கரையில் சில இடங்களில் மண்ணிலிருந்து மட்டும் 70 வரை வருகிறது. ஒரு கிரே என்பது ஆயிரம் மில்லிகிரே. நம் மணலின் காமா கதிருக்கு மில்லிகிரேயும் மில்லிசீவர்ட்டும் ஏறக்குறைய ஒன்றே. செர்னோபில் மாட்டின் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிராணிகளை வைத்தே இங்கு ஒரு சோதனை நடந்தது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் மரபியலாளர் ஹான்ஸ் குரூனபெர்க்கும் அவர் குழுவினரும் இந்தக் கரையிலும், மோனசைட் இல்லாத பக்கத்து ஊர்களிலும் வீட்டெலிகளைப் பிடித்தார்கள். எலியைத் தேர்ந்தது நல்ல யுக்தி. அதன் தலைமுறைகள் வேகமாக ஓடும். பல்லையும் எலும்பையும் அளந்து ஒப்பிட்டு 1966-இல் அறிக்கை வெளியிட்டார்கள். கதிர்வீச்சால் வந்தது என்று சொல்லத்தக்க வேறுபாடு எதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

மனிதர்களைப் பற்றியும் கணக்கு உண்டு. நம் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1990 முதல் கருநாகப்பள்ளியில் பதிவேடு வைத்திருக்கிறது. சுமார் 70,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியான முடிவிலும் கதிர்வீச்சு அளவோடு புற்றுநோய் கூடுவதாகத் தெரியவில்லை. இதனால் மணலை அள்ளி வீட்டுத் தரையில் போடலாம் என்று நான் சொல்லமாட்டேன், போடக் கூடாது.

சகோதரிக்கு என் பதில்: பாலைத் தாராளமாகக் கொடுங்கள். மாட்டுக்கு வைக்கோலை மணலில் வீசாமல் தொட்டியில் போடச் சொல்லுங்கள். மாடு புல்லோடு மண்ணையும் தின்னும். மடியைக் கழுவிக் கறக்கட்டும். காய்ச்சினால் கதிரியக்கம் போய்விடும் என்று யாரோ சொன்னார்களாம், அது போகாது. காய்ச்ச வேண்டியது கிருமிக்காக.