பவர் வேறு, பாதுகாவலர் வேறு



போன வருடம் ஒரு கிராமத்தில் குழுக் கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். ஒரு அக்கா மட்டும் போகாமல் உட்கார்ந்திருந்தார். "மேடம், என் சின்னப் பொண்ணோட கைரேகையை ஒரு பத்திரத்துல வைக்கலாமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அவர் கணவர் இறந்துவிட்டார். இளைய மகளுக்கு வயது 22, மனவளர்ச்சி குன்றியவர். கணவர் பெயரில் இருந்த 60 சென்ட் நிலத்துக்கு அக்கா, மூத்த மகள், இளைய மகள் என மூன்று பேரும் வாரிசுகள். கொழுந்தனார், "சின்னவ பங்குக்கு எனக்கு ஒரு பவர் எழுதிக் கொடுத்துருங்க அண்ணி, மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார்.

கொழுந்தனாரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பத்திரம் சட்டப்படி செல்லாது. ஏன் என்பதை நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பவர் என்றால் என்ன?

"எனக்குப் பதிலாக என் வேலையை இவர் செய்யட்டும்" என்று ஒருவர் எழுதிக் கொடுப்பதுதான் பவர் பத்திரம். எழுதிக் கொடுப்பவருக்கு, தான் என்ன எழுதுகிறோம் என்று புரிய வேண்டும். புரியாத ஒருவரின் கைரேகையை வாங்கி எழுதும் பவர் செல்லாது. பிள்ளையின் பங்குக்கு அம்மாவும் தன் இஷ்டத்துக்குப் பவர் கொடுக்க முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கொடுத்தவர் இறந்தாலோ, புத்தி சுவாதீனம் இழந்தாலோ பவர் பொதுவாக முடிந்துவிடும். 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டம் இப்படித்தான் சொல்கிறது. ஆகவே, "மாமியாருக்கு நினைவு தப்பினாலும் கையில பவர் இருக்கே" என்று நம்பி இருக்கக் கூடாது.

பவர் எழுதத்தான் வேண்டும் என்றால், நம்பிக்கையான ஒருவரை முழுவதும் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு வேலைக்கு மட்டும் என்றால் அந்த ஒரு வேலைக்கு மட்டும் எழுதுங்கள். பிடிக்காவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் ரத்துப் பத்திரம் பதியலாம். ஆனால் பணம் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்த பவரை ரத்து செய்வது எளிதல்ல.

பெற்ற தாய் பாதுகாவலர் இல்லையா?

இதைக் கேட்டதும் அந்த அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது. "நான்தானே குளிப்பாட்டுறேன், சோறு ஊட்டுறேன். நான் கார்டியன் இல்லையா?"

18 வயது வரைதான் பெற்றோர் இயல்பான பாதுகாவலர். 18 முடிந்ததும், மனவளர்ச்சி எப்படி இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அந்தப் பிள்ளை பெரியவர். அதன்பிறகு பிள்ளைக்காகச் சொத்து விஷயத்தில் கையெழுத்துப் போட, தாய்க்கும் நியமன உத்தரவு வேண்டும்.

இதற்காகவே 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சி குன்றிய நிலை, பல்வகை ஊனம் ஆகிய நான்கு பாதிப்பு உள்ளவர்களுக்கு இது பொருந்தும். இதற்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டாம். மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ளூர் அளவிலான குழு இருக்கிறது. அதில் ஒரு பதிவு பெற்ற தொண்டு நிறுவனப் பிரதிநிதியும், மாற்றுத்திறனாளி ஒருவரும் இருப்பார்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்து விண்ணப்பிக்கலாம். பெற்றோர், உறவினர், பதிவு பெற்ற நிறுவனம் ஆகியோர் விண்ணப்பிக்கலாம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, வயதுச் சான்று, ரேஷன் கார்டு, புகைப்படங்கள் இவற்றைத் தயாராக வைத்திருங்கள். பாதுகாவலராக வருபவரின் சம்மதமும் வேண்டும்.

பாதுகாவலர் தேவைதானா, எதெதற்குத் தேவை என்று குழு பார்த்துத்தான் உத்தரவு போடும். பெண் பிள்ளைக்குத் தனி ஆண் ஒருவரை மட்டும் பாதுகாவலராகப் போடுவதில்லை. மனைவியோடு சேர்த்துத்தான் போடலாம். நம் பெண் பிள்ளைகளின் பாதுகாப்புக்காக உள்ள விதி இது.

மனநோய் உள்ளவர்கள் இந்தச் சட்டத்தில் வரமாட்டார்கள். அவர்கள் 2017ஆம் வருட மனநலச் சட்டப்படி, தன் சிகிச்சை விஷயத்தில் உதவ ஒருவரை முன்கூட்டியே நியமிக்கலாம். அந்த நியமனம் சொத்துக்குச் செல்லாது. கோமாவில் இருப்பவரின் சொத்து, பணம் சம்பந்தமாகக் குடும்பத்தார் உயர் நீதிமன்றத்தை நாடுகிறார்கள். இந்த நிலைமை வந்தால் இலவச சட்ட உதவி மையத்தில் ஆலோசனை கேளுங்கள்.

பாதுகாவலர் சொத்துக்குச் சொந்தக்காரர் அல்ல

உத்தரவு வந்த 6 மாதத்துக்குள் பிள்ளையின் சொத்து, வரவேண்டிய பணம், கடன் எல்லாவற்றுக்கும் பட்டியல் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து 3 மாதத்துக்குள், அதாவது ஜூன் மாதத்துக்குள், வரவு செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும். குழுக் கணக்கு எழுதுகிற நமக்கு இது முடியாத வேலையா? பாதுகாவலர் பிள்ளையைக் கொடுமைப்படுத்தினாலோ, கவனிக்காமல் விட்டாலோ, சொத்தைச் சுருட்டினாலோ அவரை நீக்கச் சொல்லி உறவினரோ, பதிவு பெற்ற நிறுவனமோ மனு கொடுக்கலாம்.

அந்த அக்கா கைரேகை வைக்க விடவில்லை. நான்கு முறை ஆட்சியர் அலுவலகத்துக்கு அலைந்தோம். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போனது. விசாரணை அன்று அதிகாரி அந்தப் பெண்ணிடம், "உன்னை யாரும்மா பாத்துக்கிறா?" என்று கேட்டார். அவள் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக் காட்டினாள். இன்று நிலம் மூன்று பேர் பெயரிலேயே இருக்கிறது. குத்தகைப் பணத்தில் அவள் பங்கு அவள் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. கொழுந்தனாரும் இப்போது முகம் கொடுத்துப் பேசுகிறார்.

ஆனால் அக்காவின் கவலை முழுவதும் தீரவில்லை. "எனக்கப்புறம்?" என்கிறார். அவருக்குப் பிறகு புதிதாக ஒருவரை நியமிக்கச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். அதை யார் செய்வது என்று இப்போதே பேச வேண்டும். மூத்த மகளையும் மருமகனையும் உட்கார வைத்துப் பேசியிருக்கிறார். காகிதம் எல்லாம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று அவர்களுக்குக் காட்டியும் இருக்கிறார்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்:

1. நம் குழுக் குடும்பங்களில் 18 வயது தாண்டிய இப்படிப்பட்ட பிள்ளைகள் யார் யார்?
2. அவர்களுக்கு அடையாள அட்டை இருக்கிறதா? பாதுகாவலர் உத்தரவு வாங்கியாயிற்றா?
3. வாங்காதவர்களோடு ஆட்சியர் அலுவலகத்துக்குத் துணையாகப் போகப்போவது நம்மில் யார்?

மூன்றாவது கேள்விக்கு ஒரு பெயரைத் தீர்மான நோட்டில் எழுதிவிட்டுக் கூட்டத்தை முடியுங்கள்.

அன்புடன்,
கள ஒருங்கிணைப்பாளர்