மேலே எறிந்த பந்தும் நானும்

இரண்டாமாண்டு பி.எஸ்சி., இயற்பியல்

விசை என்பது நிறையும் முடுக்கமும் பெருக்கிய தொகை என்பதை அறியாத உயர்நிலைப் பள்ளி மாணவர் இலர். 1687-இல் வெளிவந்த 'பிரின்சிபியா' நூலில் நியூட்டன் வகுத்த இரண்டாம் விதியிலிருந்து பிறந்த சமன்பாடு அது. ஆனால், சமன்பாட்டை அறிவது வேறு. விசையை அறிவது வேறு. இதை நான் உணர்ந்தது எங்கள் தெருத் திண்ணையில்தான்.

மாலை வேளைகளில் பத்தாம் வகுப்பு மாணவர் சிலருக்குப் பாடம் சொல்லி வருகிறேன். ஒருநாள் ஒரு மாணவி, "அண்ணா, மேலே எறிந்த பந்து கையை விட்ட பிறகும் மேலே போகிறதே, அப்போது அதன்மேல் எந்த விசை இருக்கிறது?" என்று கேட்டாள். "கை கொடுத்த விசை. அது குறையக் குறையப் பந்து நின்றுவிடுகிறது" என்றேன். அவளும் அப்படியே எழுதிக்கொண்டாள்.

வீடு திரும்பிய பின்னரே என் தவறு உறைத்தது. அப்பிள்ளைகளுக்கு வீட்டில் பாடம் கேட்க வேறு ஆளில்லை. நான் சொன்ன தவறு அவர்களிடம் திருத்தப்படாமலே தங்கிவிடுமன்றோ?

கையின் விசை, பந்தைக் கை தொட்டிருக்கும் வரையில்தான் உண்டு. கையை விட்ட பந்திடம் எஞ்சியிருப்பது திசைவேகமே. காற்றின் தடையைக் கருதாவிடில், அதன்மீது செயற்படுவது கீழ்நோக்கிய புவியீர்ப்பு விசை ஒன்றே. இயக்கம் தொடர்வதற்கு விசை தேவையில்லை. இயக்கம் மாறுவதற்கே விசை தேவை.

இத்தவறு எனக்கு மட்டும் உரியதன்று. ஜான் கிளமென்ட் என்னும் அமெரிக்க ஆய்வாளர், மேலே சுண்டிய நாணயத்தைப் பற்றி இதே வினாவைப் பொறியியல் மாணவரிடம் கேட்டு, 1982-இல் முடிவுகளை வெளியிட்டார். மேல்நோக்கிய விசை ஒன்று இருப்பதாகவே பலரும் விடையளித்திருந்தனர்.

மறுநாள், "நேற்று நான் சொன்னது தவறு" என்றே பாடத்தைத் தொடங்கினேன். சமன்பாட்டை எழுதவில்லை. வினாடிக்கு 19.6 மீட்டர் திசைவேகத்தில் மேலே எறிந்த பந்தின் கணக்கை எழுதினேன். ஒரு வினாடிக்குப் பின் 9.8, இரண்டு வினாடிக்குப் பின் 0, மூன்று வினாடிக்குப் பின் கீழ்நோக்கி 9.8.

"ஒவ்வொரு வினாடியிலும் மாற்றம் எவ்வளவு?"

"9.8" என்றனர் அனைவரும்.

"அப்படியானால், உச்சியில் முடுக்கம் சுழியா?"

சற்று நேரம் எவரும் பேசவில்லை. பின்பு அந்த மாணவியே, "சுழியானால் பந்து அங்கேயே நின்றுவிடுமே, அண்ணா!" என்றாள்.

முடுக்கத்தை முதலில் திசைவேக மாற்றமாகக் காட்ட வேண்டும். அம்மாற்றத்தின் காரணமாக விசையை அடுத்து விளக்க வேண்டும். சமன்பாடு இறுதியில் வரட்டும். எண்களை இட்டு விடை காண்பது எளிது. அவ்வாறே முழு மதிப்பெண் பெற்றவன் நான். நாளை ஆசிரியராகவிருக்கும் நண்பர்கள், பந்தை ஒருமுறை மேலே எறிந்து பார்த்துவிட்டு இப்பாடத்தைத் தொடங்குவார்களாக!