பாசிட்டிவ் வந்த பிறகும் தொடரும் மருந்து

செம்பாக்கம்

அன்புள்ள கண்ணம்மா,

உறைய வைத்த கருவை உனக்கு அடுத்த மாதம் வைக்கப்போவதாக அம்மா சொன்னாள். "கர்ப்பப் பரிசோதனை பாசிட்டிவ் வந்ததும் புரோஜெஸ்டிரான் ஊசியை நிறுத்திடலாமா அத்தை?" என்று போனில் கேட்டாயே, நிறுத்தவே கூடாது. காரணத்தை விளக்கமாகவே எழுதுகிறேன்.

சினைப்பையிலிருந்து முட்டை வெளியேறியதும் அந்த இடத்தில் கார்பஸ் லூட்டியம் உருவாகும். அது சுரக்கும் புரோஜெஸ்டிரான்தான் கரு ஒட்டிக்கொள்ளக் கர்ப்பப்பையின் உட்சுவரைப் பக்குவப்படுத்தும்; கர்ப்பப்பை சுருங்காமலும் காக்கும்.

உறைய வைத்த கருவை வைக்கும்போதும் இது சிலருக்கு உடலிலேயே கிடைத்துவிடும். கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் உறைய வைத்த கருவைத் தாயின் இயற்கையான மாதச் சுழற்சியில்தான் வைத்தார். அப்படி 1978 அக்டோபர் 3-ல் துர்கா என்ற குழந்தை பிறந்தது. அந்தத் தாய்க்குப் புரோஜெஸ்டிரானைச் சொந்தச் சினைப்பையே கொடுத்தது.

உனக்கு அப்படியில்லை. ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கொடுத்து உட்சுவரை வளர்க்கிறார்கள். முட்டை வெளியேறாது, கார்பஸ் லூட்டியமும் இருக்காது. புரோஜெஸ்டிரான் முழுக்க வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும். ஐந்து நாள் வளர்ந்த கருவென்றால், அந்த மருந்தைத் தொடங்கிய ஆறாம் நாள் வைப்பது வழக்கம். தொடங்கும் நாளையும் நேரத்தையும் நீயாக மாற்றாதே.

கர்ப்பத்தின் ஏழு முதல் ஒன்பது வாரத்துக்குள் புரோஜெஸ்டிரான் சுரக்கும் வேலையை நஞ்சுக்கொடி கையில் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் பல டாக்டர்கள் பத்து, பன்னிரண்டு வாரம் வரை மருந்தைத் தொடர்கிறார்கள்.

ஊசி மருந்து எண்ணெயில் கரைத்தது, கெட்டியாக இருக்கும். போடும் முன் ஆம்பூலைச் சற்று உள்ளங்கையில் பொத்தி வைத்தால் இளகும். ஒரு நாள் வலப்பக்கம், மறுநாள் இடப்பக்கம் போடச் சொல். கட்டிக்கொண்டால் வெதுவெதுப்பாக ஒத்தடம் கொடு. பிறப்புறுப்பில் வைக்கும் மாத்திரையென்றால் வெள்ளையாகக் கசியும். மருந்தெல்லாம் வீணாகிவிட்டதே என்று பதறாதே.

மார்பு வலி, வயிற்று உப்புசம், தூக்கக் கலக்கம் எல்லாம் இந்த மருந்தாலும் வரும். அவற்றை வைத்துக் கர்ப்பமா இல்லையா என்று கணக்குப் போடாதே. ரத்தப் பரிசோதனை சொல்லட்டும். துளி ரத்தம் பட்டாலும் மருந்தை விடாமல் உடனே டாக்டரைக் கூப்பிடு. கடையில் வேறு மருந்தை மாற்றிக் கொடுத்தால் அவரைக் கேட்காமல் வாங்காதே.

தினமும் ஊசிக்கு அலைவது சிரமமென்றால் இங்கே வந்து தங்கு. எங்கள் தெருவிலேயே ஒரு நர்ஸம்மா இருக்கிறார். சாயங்கால நெரிசலில் ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலைத் தாண்டிப் போக வேண்டியதில்லை.

அடுத்த முறை போகும்போது எந்த மருந்து, என்ன அளவு, எந்த வாரம் வரை என்று கேட்டு ஃபைலில் எழுதி வாங்கிக்கொள். எப்போது நிறுத்துவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்; பாசிட்டிவ் வந்த சந்தோஷத்தில் நாம் முடிவு செய்யக் கூடாது.

அன்புடன்,
அத்தை