கும்மிடிப்பூண்டியில் வாழ்வோர் யார்?

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில், கல்கத்தா இருப்புப் பாதையும் நெடுஞ்சாலையும் அருகருகே செல்லுமிடத்தில் அமைந்த சிறு நகரம் கும்மிடிப்பூண்டி. "இங்கு எந்த இனத்தார் வாழ்கின்றனர்?" என்று ஒருவர் வினவினால் விடை கூறுவது எளிதன்று. முதலில் ‘இனம்’ என்னும் சொல்லே நம்மை இடறச் செய்யும். இலக்கண வகுப்பில் வல்லினம், மெல்லினம் என்கிறோம். கால்நடைகளையும் இனம் பிரிக்கிறோம். மக்களைப் பற்றிப் பேசும்போதோ சிலர் நிறத்தையும் முக அமைப்பையும் கருதுகின்றனர், சிலர் மொழியை, வேறு சிலர் சாதியை.

நிறமும் முகமும் கொண்டு மக்களைப் பிரிக்கும் முயற்சி நம் நாட்டில் நடந்ததுண்டு. 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ரிஸ்லி, மூக்கின் நீள அகலத்தை அளந்து மக்களை வரிசைப்படுத்தலாம் என நம்பினார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு தலைகளையும் மூக்குகளையும் அளந்தார். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி அவர் 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அவற்றில் பழக்கவழக்கங்களைப் பற்றிய குறிப்புகள் இன்றும் பயன்படுகின்றன. மூக்களவுகளை யாரும் பொருட்படுத்துவதில்லை. எந்த இரு மனிதரின் மரபணுத் தொகுதியை ஒப்பிட்டாலும் ஆயிரத்தில் ஏறத்தாழ 999 பங்கு ஒன்றாகவே இருக்கிறது என்பதை இன்றைய உயிரியல் காட்டியுள்ளது.

விடுதலைக்குப் பின் நடந்த கணக்கெடுப்புகள் இந்த மூக்களவு ஆராய்ச்சியைக் கைவிட்டன. மதம், தாய்மொழி, பிறந்த இடம், முன்பு வாழ்ந்த இடம், இடம்பெயர்ந்த காரணம் என்று அவை கேட்கின்றன. இந்தக் கேள்விகளையே கையில் கொண்டு நாமும் கும்மிடிப்பூண்டிக்குள் நுழைவோம்.

முதலில் தாய்மொழி. ஒருவரின் குழந்தைப் பருவத்தில் தாய் அவருடன் பேசிய மொழியே தாய்மொழி என்பது கணக்கெடுப்பு தரும் விளக்கம். தந்தையின் மொழி அன்று, பள்ளியில் படித்த மொழியும் அன்று என்பதை மாணவியர் கவனிக்க வேண்டும். இவ்விளக்கத்தின்படி பார்த்தால், தமிழுக்கு அடுத்து இப்பகுதியில் தெலுங்கே பெருவழக்காக உள்ளது. இவர்களை ‘ஆந்திராவிலிருந்து வந்தவர்கள்’ என்று கூறுவோர் உண்டு. இவர்களுள் பலர் எங்கிருந்தும் வரவில்லை. எல்லைக்கோடுதான் இவர்களிடம் வந்தது. 1953 அக்டோபர் முதல் நாளன்று ஆந்திரம் தனி மாநிலமாயிற்று. திருத்தணியைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று ம.பொ.சிவஞானம் போன்றோர் வடக்கெல்லைப் போராட்டம் நடத்தினர். 1959இல் இயற்றப்பட்ட எல்லை மாற்றச் சட்டம் 1960 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிகள் இப்பக்கம் வந்தன. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களைச் சேர்ந்த சத்தியவேடு பக்கத்து ஊர்கள் அப்பக்கம் சென்றன. ஊரெல்லாம் ஒரே மொழி பேசியிருந்தால் கோடு போடுவது சுலபம். ஆனால் ஒரே வீட்டில் மாமியார் தெலுங்கும் மருமகள் தமிழும் பேசினால் கோட்டை எந்த அறையின் குறுக்கே போடுவது? ஆரம்பாக்கத்தைத் தாண்டிப் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இன்றும் நடந்துகொண்டுதான் இருக்கின்றன.

திருமணம் என்றவுடன் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியாவில் இடம்பெயர்ந்தவர்களாக எண்ணப்பட்டோர் 45 கோடிக்கும் மேல். காரணங்களுள் முதலிடம் வகிப்பது வேலையன்று, திருமணம்! அவ்வாறு இடம்பெயர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். ‘வந்தேறிகள்’ என்று பிறரைச் சுட்டும்போது நம் அன்னையரில் பலரும் அந்தக் கணக்கில் வருகிறார்கள் என்பதை நாம் எண்ணுவதில்லை.

இனி, பழைய குடிகள் யார் எனத் தேடினால் இருளர்களைக் காண்கிறோம். தமிழகத்தில் மிகவும் நலிவுற்றவை என அரசு வகைப்படுத்தியுள்ள ஆறு பழங்குடிகளுள் இவர்களும் ஒருவர். பழவேற்காட்டு ஏரியின் ஆழமற்ற நீரில் இருளர் பெண்கள் கையால் துழாவியே இறால் பிடிப்பர். மண்ணை இவ்வளவு அறிந்த இம்மக்கள் குடிமனைப் பட்டாவுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் அலைய வேண்டியிருக்கிறது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்கீழ் அரிசி ஆலைகளிலிருந்தும் செங்கற்சூளைகளிலிருந்தும் மீட்கப்பட்டோருள் இருளர் குடும்பங்கள் பல. முதற்குடிகள் என்ற பெருமை அவர்களுக்கு எந்த வசதியையும் தந்துவிடவில்லை.

அதே பழவேற்காட்டில் கடல்வழி வந்தோரின் சுவடுகளும் உள்ளன. போர்த்துக்கேயர் காலத்து மகிமை மாதா திருத்தலத்தை நம்மில் பலர் திருவிழாக் காலத்தில் கண்டிருப்போம். 1613இல் டச்சுக்காரர் கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுவே தலைமையிடம். எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கிய வாயிலையுடைய அவர்களது கல்லறைத் தோட்டம் இன்றும் இருக்கிறது. இங்கிருந்து துணி மட்டுமல்ல, அடிமைகளாக மனிதரும் கப்பலேற்றப்பட்டனர் என்பதைப் பாடநூல்கள் விரித்துரைப்பதில்லை. கடல் வாணிகத்தில் தலைமுறைகளாக ஈடுபட்ட முஸ்லிம்கள் அங்கே தமிழையே பேசி வாழ்கின்றனர். மதத்தையும் மொழியையும் ஒன்றாகக் கட்டிவிட முடியாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இனித் தொழிற்பேட்டைக்கு வருவோம். 1971இல் தோன்றிய சிப்காட் நிறுவனம் கும்மிடிப்பூண்டியில் பெருந்தொழில் வளாகம் அமைத்தது. உருக்காலைகளும் பிற ஆலைகளும் எழுந்தன. முதலில் சுற்று வட்டாரத்தாரும், பின்னர் தென் மாவட்டத்தாரும், அதன்பின் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், வங்காளம், அசாம் மாநிலத்தாரும் வந்தனர். நெருப்பருகே நிற்கும் வேலையும் சுமை தூக்கும் வேலையும் பெரும்பாலும் இவர்களுடையவை. இவர்கள் அனைவரையும் நாம் ‘வடக்கத்தியார்’ அல்லது ‘இந்திக்காரர்’ என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஒடிசாக்காரரின் தாய்மொழி ஒடியா. ஜார்க்கண்டிலிருந்து வரும் சந்தாலி பேசுவோரின் மொழி இந்தியுடன் உறவே இல்லாத வேறு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தி அவர்களில் பலருக்கு நம்மைப் போலவே கற்றுக்கொண்ட மொழி. 2020 மே மாத ஊரடங்கின்போது வேலையும் கூலியும் இன்றி, மூட்டைகளைத் தலையில் சுமந்துகொண்டு இந்நெடுஞ்சாலை வழியே வடக்கு நோக்கி நடந்தவர்கள் இவர்களே. 2023 மார்ச்சில், தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவி, பீகார் அரசு இங்கே குழு அனுப்பிப் பார்க்கும் அளவுக்குச் சென்றது. பெயர் தெரியாமல் பழகுகிற இடத்தில் வதந்திக்கு வேலை எளிது.

கடைசியாக, இவ்வூரிலேயே மிகவும் கவனித்துப் படிக்க வேண்டிய மக்கள், இலங்கைத் தமிழர். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின்னும், 1990இல் போர் மீண்டும் மூண்டபோதும் படகேறி வந்தவர்களுக்காக மாநிலமெங்கும் முகாம்கள் அமைந்தன. கும்மிடிப்பூண்டி முகாம் 1990இல் ஏற்பட்டது. 2021இல் அரசு தந்த கணக்குப்படி தமிழகத்தில் 108 முகாம்களில் 58,822 பேர் இருந்தனர். அவ்வாண்டில்தான் ‘அகதிகள் முகாம்’ என்னும் பெயர் ‘மறுவாழ்வு முகாம்’ என மாற்றப்பட்டது. நாம் ‘பேசுகிறோம்’ என்பதை அவர்கள் ‘கதைக்கிறோம்’ என்பர். அழகை ‘வடிவு’ என்பர். நிறம், மொழி, வழிபாடு எதைக் கொண்டு அளந்தாலும் இவர்களுக்கும் நமக்கும் வேறுபாடு காண்பது அரிது. மாதா கோயிலில் நம்முடனேயே செபமாலை சொல்லும் குடும்பங்களும் இவர்களுள் உண்டு.

ஆயினும் சட்டத்தின் கண்ணுக்கு வேறுபாடு உண்டு. 1987 ஜூலை முதல் நாளுக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடியுரிமை உடையவர். அதன்பின் பிறந்தோருக்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடிமக்களாயிருத்தல் வேண்டும். 2004 டிசம்பருக்குப் பின் விதி இன்னும் கடுமையாயிற்று. 1986இல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்காடி, 2022இல் தாம் இந்தியரே என்ற தீர்ப்பைப் பெற்றார். 2024ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களித்தார். கும்மிடிப்பூண்டி முகாம் தொடங்கியதோ 1990இல்! அங்கே அகதிப் பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு அந்தத் தீர்ப்பு வழி திறக்கவில்லை. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கையின் பெயர் இல்லை. 2015 ஜனவரி 9ஆம் நாள்வரை வந்து பதிவு செய்துகொண்டோருக்கு, பயண ஆவணம் இல்லாததற்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு அளித்தது. அது ஓர் ஆறுதல், குடியுரிமை ஆகாது.

அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் முதல் தேதி என அறிவிக்கப்பட்டுள்ளது. 1931க்குப் பின் முதன்முறையாக எல்லாச் சாதிகளின் விவரமும் அதில் சேர்கிறது. கணக்கெடுப்பாளர் இருளர் குடியிருப்புக்கும் செல்வார், ஆலைத் தொழிலாளர் விடுதிக்கும் செல்வார், முகாமுக்கும் செல்வார். முகாமில் வாழும் பதினாறு வயதுப் பெண்ணிடம் பிறந்த இடம் கேட்டால் "கும்மிடிப்பூண்டி" என்பாள். தாய்மொழி "தமிழ்" என்பாள். இந்திய மக்கள்தொகையில் அவளும் ஒருத்தியாக எண்ணப்படுவாள். இரண்டாண்டு கழித்துப் பதினெட்டு நிரம்பும்போது, அவள் வகுப்புத் தோழியர் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கச் செல்லும் நாளில், இன்றைய சட்டப்படி அவளுக்கு அந்தப் படிவம் கிடையாது.