தாம்பரத்திலிருந்து தெற்கே: ஒரு நாள் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

தாம்பரத்துக்காரர்களுக்கு ஊர் சுற்றுவது என்றால் வடக்கே போவதுதான். தி.நகர், மெரினா, எழும்பூர். 1931-ல் பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து இதே பழக்கம். வாரத்தில் ஆறு நாள் எந்தக் கூட்டத்தில் இடிபடுகிறோமோ, ஏழாவது நாளும் அதிலேயே போய் விழுந்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை போனதே தெரியல" என்று அலுத்துக்கொள்கிறோம். ஒருமுறை எதிர்ப் பக்கம் திரும்பிப் பார்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

காரை வீட்டிலேயே விடுங்கள்

என் முதல் முயற்சியைச் சொன்னால் உங்களுக்கு ஒரு ஞாயிறு மிச்சமாகும். மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம், வேடந்தாங்கல் மூன்றையும் ஒரே நாளில் முடிப்பதாகத் திட்டம். ஆறு பேர், ஒரு கார், மாமியார் கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதம். பெருங்களத்தூரைத் தாண்டவே முக்கால் மணி நேரம் ஆனது. திருக்கழுக்குன்றத்து மலையடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நண்பகல் தாண்டி, நடை சாத்தியாகிவிட்டது. ஐந்நூற்றுச் சொச்சம் படிகளையும் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, எலுமிச்சை சாதத்தைக் காரிலேயே தின்றுவிட்டுத் திரும்பினோம். அன்றைக்கு நாங்கள் பார்த்த ஒரே பறவை, கார் கூரையில் வந்து உட்கார்ந்த காக்காதான்.

அதிலிருந்து எங்கள் வீட்டுக் கணக்கு: ஒரு நாளைக்கு ஓர் இடம், வெளியில் ஒரு சாப்பாடு. ஜி.எஸ்.டி. சாலை கிடக்கட்டும், பக்கத்திலேயே தண்டவாளம் ஓடுகிறது.

முதல் படி: அரை நாள், மாடம்பாக்கம்

தொடக்கத்தில் ரயிலும் வேண்டாம். கிழக்குத் தாம்பரத்திலிருந்து பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடித்தால் மாடம்பாக்கம். அங்கே தேனுபுரீஸ்வரர் கோவில், சோழர் காலத்துக் கட்டடம், தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. 'தேனு' என்றால் பசு. கபில முனிவர் பசுவாகப் பிறந்து, மண்ணுக்குள் இருந்த லிங்கத்தின் மேல் பால் சொரிந்தார் என்பது தலக்கதை.

கும்பிட்டவுடன் கிளம்பிவிடாதீர்கள். பிராகாரத்தைச் சுற்றிக் கருவறைக்குப் பின்பக்கம் போய் நில்லுங்கள். அந்தச் சுவர் சதுரமாக முடியாமல் வளைந்து திரும்பும். விமானத்தைப் பின்னாலிருந்து பார்த்தால் படுத்திருக்கும் யானையின் முதுகு மாதிரி இருக்கும். அதனால்தான் இந்த அமைப்புக்குத் தூங்கானை மாடம் என்று பெயர். தஞ்சாவூர் வரை போய்க் கோபுரம் பார்த்த பலர், வீட்டுக்கு ஐந்தாறு கிலோமீட்டரில் இருக்கும் இந்த யானையைப் பார்த்ததில்லை. ஞாயிறு மாலை ராகு காலத்தில் சரபேஸ்வரர் பூஜைக்குக் கூட்டம் சேரும். காலை 7 மணிக்குப் போனால் நிதானமாகப் பார்க்கலாம். 10 மணிக்கு வீட்டில் இருப்பீர்கள்.

இரண்டாம் படி: செங்கல்பட்டு யூனிட்

யூனிட் என்று நாம் சொல்லும் மின்சார ரயில்களில் தாம்பரத்தோடு நின்றுவிடும் வண்டிகளே அதிகம். செங்கல்பட்டு வண்டிக்கு நேரம் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், இல்லாவிட்டால் பிளாட்பாரத்திலேயே அரை மணி நேரம் போகும். டிக்கெட்டைப் போகவர எடுத்துவிடுங்கள். திரும்பும்போது கவுண்டர் வரிசையில் நிற்கவேண்டாம்.

முதல் தடவை சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்குங்கள். ஸ்டேஷனுக்கே பெயர் கொடுத்த பாடலாத்ரி நரசிம்மர் கோவில் நடக்கிற தூரம்தான். பல்லவர் காலத்துக் குடைவரை அது. மூலவர் மலைப்பாறையோடு பாறையாக இருப்பதால் அவரைத் தனியாகச் சுற்றிவர முடியாது, மலையைத்தான் சுற்றவேண்டும். சின்னக் குன்றுதான், மூச்சு வாங்காது. சந்நிதியில் அர்ச்சகர் கற்பூர வெளிச்சத்தில் பெருமாளின் நெற்றிக் கண்ணைக் காட்டுவார். வைணவக் கோவிலில் மூன்றாவது கண் அபூர்வம், அதனால் அந்த நொடியில் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.

இன்னொரு நாள் செங்கல்பட்டு வரை போங்கள். பரனூர் தாண்டியதும் இடப்பக்க ஜன்னல் முழுக்க கொளவாய் ஏரி. மழைக்காலம் முடிந்த கையோடு பார்த்தால், வண்டி தண்ணீர் மேலேயே போவது போலிருக்கும். ஊருக்குக் கொஞ்சம் வெளியே வல்லத்தில் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரை ஒன்று இருக்கிறது. ஆட்டோவில் போய்வந்துவிடலாம்.

வயிற்றுக்கு

காலைச் சாப்பாட்டை வீட்டில் முடிக்காதீர்கள். பாதிச் சந்தோஷம் அதில்தான். கோவில் ஊருக்குப் போனால் பிரசாதக் கடைப் புளியோதரையை முதலில் வாங்கிவிடுங்கள், பிறகு என்று தள்ளிப்போட்டால் தீர்ந்திருக்கும். தெரியாத ஊரில் ஹோட்டலைத் தேர்ந்தெடுக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, பஸ் ஸ்டாண்டு டிரைவர்களும் கண்டக்டர்களும் எங்கே இலை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பது. பித்தளை டபராவைக் கண்டதும் மயங்கவேண்டாம். ஜி.எஸ்.டி. சாலையில் இரண்டு பக்கமும் கும்பகோணம் டிகிரி காபிப் பலகைகள் இருக்கின்றன, கும்பகோணத்தில் இத்தனை இருக்குமா தெரியாது.

சாப்பாட்டுக்காகவே ஒரு பயணம் போகலாமென்றால், காஞ்சிபுரம். திருமால்பூர் போகும் யூனிட் தாம்பரம் வழியாகத்தான் போகிறது, மாறி ஏறும் தொல்லை இல்லை. வரதராஜப் பெருமாளுக்குப் படைக்கும் கோவில் இட்லி நம் வீட்டு இட்லிக்கு ஒன்றுவிட்ட உறவுகூட இல்லை. மூங்கில் குடலையில் மந்தாரை இலை போட்டு, மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்த மாவை ஊற்றி, மணிக்கணக்காக வேகவைப்பது. வெட்டித்தான் தருவார்கள். பஞ்சு போல இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள், கையில் எடுத்தாலே கனக்கும். சட்னி கேட்டு அதைக் கெடுக்காதீர்கள்.

பொழுதுபோக்கு ஒன்று வேண்டும்

வெறுமனே சுற்றினால் நாலு வாரத்தில் சலித்துவிடும். செடியோ பறவையோ பழைய சாமானோ, ஏதாவது ஒன்றின்மேல் ஆசை வையுங்கள். எதுவும் தோன்றவில்லையென்றால் பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போங்கள். பழைய டிரங்க் ரோட்டில் நாற்றுச் செடி, மண் தொட்டி, புறா, மீன், ஓடாத கடிகாரம், ஜோடி இல்லாத செருப்பு, யார் வீட்டுக் கல்யாணத்திலோ எடுத்த போட்டோவின் சட்டம் என்று தரையில் பரப்பியிருக்கும். சொன்ன விலையில் பாதி கேளுங்கள். அங்கே அது வணக்கம் சொல்வது மாதிரி. நான் வாங்கிய மல்லிச் செடி இன்னும் பூக்கிறது, வாங்கிய ரேடியோ இன்னும் பாடவில்லை.

பழசுக்கும் பல்லாவரத்துக்கும் பொருத்தம் உண்டு. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் இங்கேதான் சரளை மண்ணிலிருந்து ஒரு கற்கோடரியை எடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சி அந்தக் கல்லில்தான் தொடங்கியது. அவர் பேரம் பேசவேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் படி: வேடந்தாங்கல்

இதற்கு முழு நாள். வடகிழக்குப் பருவமழை நின்று ஏரி நிறைந்த பிறகு, டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள். மழை பொய்த்த வருஷம் என்றால் போகவேண்டாம். தண்ணீர் இல்லாத ஏரிக்குப் பறவை வராது. செங்கல்பட்டில் ரயிலை விட்டு இறங்கினால் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே. அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர். பஸ் குறைவு. இறங்கும்போதே, திரும்பிவரும் கடைசி வண்டி எப்போது என்று கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

மாலை 4 மணிக்குக் கரையில் இருந்தால் போதும். இரை தேடப் போன கூட்டமெல்லாம் திரும்பும் நேரம் அது. நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நீர்க்காகம் எல்லாம் கிளைக்குக் கிளை சண்டை போடும் சத்தம் 6 மணி யூனிட்டின் கூச்சலுக்குக் குறைவில்லை. பார்வைக் கோபுரத்தில் பைனாகுலர் இருக்கும். வெளிர் நிற உடை உடுத்தாதீர்கள், சத்தமாகப் பேசாதீர்கள்.

இந்தப் பறவைகளை முதலில் காத்தது ஊர்க்காரர்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு எரு. துப்பாக்கியோடு வந்தவர்களை நிறுத்தச் சொல்லி அவர்கள் முறையிட, 1798 வாக்கில் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் அந்த உரிமையை எழுத்திலேயே கொடுத்தார். 2022-ல் ராம்சர் பட்டியலில் இந்த ஏரியும் சேர்ந்தது.

கிளம்பும் முன்

தண்ணீர், துண்டு, சில்லறை, பழைய செய்தித்தாள். வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குச் செவ்வாய் விடுமுறை, பிள்ளைகளிடம் வாக்குக் கொடுக்கும் முன் கிழமையைப் பாருங்கள். கோவில் என்றால் 12 மணிக்குள் உள்ளே இருக்கவேண்டும்.

திரும்பும்போது கொளவாய் ஏரி வலப்பக்கம் வரும். இருட்டில் தெரியாது, எந்த ஜன்னலில் உட்கார்ந்தாலும் ஒன்றுதான். சாப்பிட்ட களைப்பில் கண் சொக்கும். தாம்பரத்தில் எழுப்பச் சொல்லிப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவையுங்கள். வண்டி பீச் வரைக்கும் போகும்.